சாட்சிகளைச் சுமக்கும் கைப்பேசி

வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகளின் பெயர்கள், எண்கள், ஒலிப்பதிவுகள் யாவும் இன்று களப்பணியாளரின் கைப்பேசியில்தான் இருக்கின்றன. அக்கருவி பிறர் கைக்குப் போனால் முதலில் மிரட்டப்படுவது ஊரிலிருக்கும் சாட்சியே. எனவேதான் கிராபீன்ஓஎஸ் என்னும் திறந்தமூல இயங்குதளத்தைப் பரிந்துரைக்கிறோம்.

அது பிக்சல் கைப்பேசிகளுக்கென உருவாக்கப்பட்டது. கூகுளிடமிருந்து விலகக் கூகுளின் கருவியையே வாங்க நேர்வது முரண்தான். பழைய கருவி வாங்குவோர், அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இன்னும் வருகின்றனவா எனப் பார்க்க வேண்டும்.

நிறுவுதல் கடினமன்று. டெவலப்பர் அமைப்புகளில் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ வசதியை இயக்கி, கணினியுடன் யுஎஸ்பி கேபிளால் இணைத்து, குரோம் உலாவியில் நிறுவல் பக்கம் கூறும் வரிசையைப் பின்பற்றினால் போதும். பூட்லோடரைத் திறக்கையில் தரவு முழுவதும் அழியும், முன்னரே நகலெடுத்துவிடுங்கள். பலர் தவறவிடுவது இறுதிப் படியை: பூட்லோடரை மீண்டும் பூட்டுதல். பூட்டாவிடில், இயங்குதளத்தில் எவரும் கைவைக்கவில்லை என்று சரிபார்க்கும் ஏற்பாடே பயனற்றுப்போகும்.

18 மணி நேரம் திறக்கப்படாத கருவி தானே மறுதொடக்கமாகும். மறையாக்கத் திறவுகோல்கள் நினைவகத்திலிருந்து நீங்கும். நீண்ட கடவுச்சொல் இருந்தால்தான் இதற்குப் பொருளுண்டு.

எல்லாவற்றையும் அழித்துவிடும் நெருக்கடிக் கடவுஎண்ணும் இதில் உண்டு. இங்கு வழக்கறிஞர்களாக எச்சரிக்கிறோம்: சான்றாகக் கோரப்படத்தக்க மின்னணுப் பதிவை, அது நீதிமன்றத்தை எட்டாதபடி அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 241ஆம் பிரிவின்கீழ் குற்றம். அழிப்பதைவிட மௌனம் மேல். தனக்கெதிராகவே சாட்சி சொல்லக் குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த அரசமைப்பின் 20(3) இடந்தராது. கடவுச்சொல்லுக்கு இது பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. ஆகவே, கருவி கைப்பற்றப்பட்டால் முதலில் வழக்கறிஞரை அழையுங்கள். ஹாஷ் மதிப்பைப் பதிந்து தரும்படி எழுத்துமூலம் கேளுங்கள்.