விசிட் விசாவில் வேலை இல்லை

"விசிட்ல போங்க தங்கச்சி, அங்க எறங்கின பொறகு வேலை விசாவா மாத்திக்கலாம்." திம்புள்ள பக்கத்துத் தோட்டங்களில், தலவாக்கலை முதல் டயகம வரை, லயத்து வாசலுக்கு வரும் தரகர் கொடுக்கும் வாக்கு இது. கையில் கொஞ்சம் முற்பணமும் வைத்திருப்பார். கடனில் தத்தளிக்கும் குடும்பத்துக்கு அந்தப் பணம்தான் முதலில் கண்ணில் படும். விசா என்ன வகை என்பதை யாரும் கேட்பதில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தைத் தாண்டிய பிறகு அந்தப் பிள்ளையின் தலையெழுத்தை நிர்ணயிப்பது அந்த வகைதான்.

வெளிநாட்டுக்காரர் ஒருவரை வேலைக்கு எடுக்கும் முதலாளி, அவருக்குத் தன் நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா என்று பார்த்தே ஆகவேண்டும். டுபாய் உள்ளிட்ட ஐக்கிய அரபு இராச்சியத்தில் முதலில் வேலை வழங்கும் கடிதம் வரும். அதைத் தொழிலாளி தனக்குப் புரியும் மொழியில் வாசித்துக் கையெழுத்திட வேண்டும். தமிழிலும் அது கிடைக்கிறது. பிறகு அந்த நாட்டுத் தொழில் அமைச்சின் அனுமதி, வேலைக்கான நுழைவு விசா, போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை, எமிரேட்ஸ் அடையாள அட்டை. அனுமதியில்லாமல் ஒருவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு, 2024இல் திருத்திய சட்டப்படி, 1 இலட்சம் முதல் 10 இலட்சம் திர்ஹம் வரை அபராதம். பிரித்தானியாவில் விண்ணப்பதாரர் தரும் குறியீட்டை முதலாளி அரசாங்க இணையத்தளத்தில் போட்டுப் பார்க்கிறார். அங்கே 2024 பெப்ரவரியிலிருந்து முதல் தவறுக்கே ஓர் ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம்.

இவ்வளவு பெரிய தண்டம் தலைக்கு மேல் இருக்கும்போது விசிட் விசாவில் வந்த பெண்ணை யார் வேலைக்கு எடுப்பார்? ஒழுங்கான முதலாளி எடுக்கமாட்டார். இவள் பொலிசுக்குப் போகமாட்டாள், சம்பளம் கேட்டு வழக்குப் போடமாட்டாள் என்று தெரிந்தவர்தான் எடுப்பார். ஐக்கிய அரபு இராச்சியத்தில் விசா முடிந்த பிறகு தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதமும் அவள் தலையில்தான் ஏறும். தரகர் சொன்ன "மாத்திக்கலாம்" என்பதன் முழு விலை இது.

2022 நவம்பரில் ஓமான் விவகாரம் வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. விசிட் விசாவில் டுபாய் வழியாகக் கொண்டுபோகப்பட்ட இலங்கைப் பெண்கள் ஓமானில் கைமாற்றப்பட்டதாக முறைப்பாடுகள் குவிந்தன. மஸ்கட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் பணியாற்றிய அதிகாரி ஒருவரே சந்தேகத்தின் பேரில் கைதானார். ஆண்களும் தப்பவில்லை. கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குச் சுற்றுலா விசாவில் போன இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 2024இல் அவர்களைக் கட்டங்கட்டமாக மீட்க வேண்டியிருந்தது.

விசா சரியாக இருந்தாலும் அதன் அடியிலுள்ள பத்திரம் பொய்யென்றால் ஆபத்து தீராது. மூதூர் ரிசானா நபீக் பிறந்தது 1988இல். 2005இல் சவூதிக்குப் போனபோது அவருடைய கடவுச்சீட்டில் 1982 என்று இருந்தது. பராமரிப்பிலிருந்த குழந்தை இறந்த வழக்கில், சிறுமி என்ற பாதுகாப்பை அந்த ஆறு வருடக் கூட்டல் அவரிடமிருந்து பறித்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேறியது.

மலையகத்துக்குப் பத்திரம் என்பது பழைய காயம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை இழுபட்டது. அதன் தழும்பு இன்றும் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு எழுத்து, பதிவே இல்லாத பிறப்புக்கு அனுமான வயதுச் சான்றிதழ். "அதை நான் சரிபண்ணித் தாறேன்" என்று தரகர் நுழைவது இந்த இடைவெளியில்தான். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் சட்டப்படியே திருத்தலாம். நாளாகும், அலைச்சலும் உண்டு. ஆனாலும் அந்தத் திருத்தம் எந்த நாட்டிலும் செல்லும்.

டிக்கெட் கைக்கு வருமுன் விசாத் தாளை வாங்கிப் பாருங்கள். விசாவின் வகை அதில் அச்சாகியிருக்கும். விசிட் என்றோ டூரிஸ்ட் என்றோ இருந்தால் அது வேலைக்கான விசா இல்லை. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பாடசாலைப் பிள்ளையே பார்த்துச் சொல்லிவிடும். முகவர் நிறுவனத்துக்கு அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்கலாம். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அனுமதிப் பத்திரமின்றி ஆள் அனுப்புவது குற்றம். பணியகத்தில் பதிந்து போகிறவருக்குக் காப்புறுதி உண்டு. பிரச்சினை வந்தால் அவருடைய ஒப்பந்தம் அதிகாரிகளின் கையில் இருக்கும். கைமாற்றி அனுப்பப்பட்டவரை முதலில் எங்கே தேடுவது என்பதே தெரியாது.

ஏற்கெனவே போய்ச் சிக்கியவர்களுக்கும் வழி அடைபடவில்லை. ஐக்கிய அரபு இராச்சியத்தில் முதலாளி கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொள்வதும், ஆள் எடுத்த செலவைத் தொழிலாளியிடம் அறவிடுவதும் அந்த நாட்டுச் சட்டத்துக்கே விரோதம். இலங்கைத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்குப் போகலாம். ஊரிலிருக்கும் குடும்பத்தார் அதே நாளில் பணியகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். ஏமாற்றி அனுப்பியது ஆட்கடத்தலாகத் தெரிந்தால் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரிக்கும். அதற்குத் தரகரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் வேண்டும். அவர் அனுப்பிய வட்ஸ்அப் குரல் பதிவுகளையும், பணம் போட்ட வங்கிச் சிட்டையையும், விசாத் தாளின் படத்தையும் போனிலிருந்து அழிக்காமல் இன்னொருவருக்கும் அனுப்பி வைத்திருக்க வேண்டும்.