கடன் தானியமாகத் திரும்பிய ஊர்கள்

வங்கிக் கடன் பணமாக வழங்கப்பட்டுப் பணமாகவே திரும்புவதை நாம் அறிவோம். தானியமாகத் திரும்பி, ஓர் ஊரின் உடல்நலத்தைக் காத்த கடனும் உண்டு.

ஐதராபாத்திலிருந்து மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், சங்காரெட்டி மாவட்டத்தில் உள்ளது ஜஹீராபாத். மானாவாரி நிலங்கள் மிகுந்த இப்பகுதியில், 1983இல் தொடங்கப்பட்ட தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் துணையோடு, ஏழைப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், ஊர்தோறும் சங்கங்களாகத் திரண்டனர். நியாயவிலைக் கடைகளில் அரிசி மலிவாகக் கிடைத்தது; ஆனால், சோளம் விளைந்த சிறு நிலங்கள் முதலீடின்றித் தரிசாகிக் கிடந்தன. நிலம் இருந்தும் பல வீடுகளில் அடுப்பெரியாத மாதங்கள் இருந்தன.

1990களின் நடுவில் இச்சங்கங்கள் ஒரு மாற்றுப் பொது விநியோக முறையை வகுத்தன. மத்திய அரசின் நிதியுதவியைக் கொண்டு, தரிசு நில உழவர்களுக்கு உழவு, எரு, விதை, களையெடுப்பு ஆகியவற்றுக்குத் தவணை முறையில் கடன் அளிக்கப்பட்டது. அவர்கள் அதனைச் சில ஆண்டுகளில் சோளமாகத் திருப்பிச் செலுத்தினர். அத்தானியம் ஊரிலேயே சேமிக்கப்பட்டு, வேலையற்ற மாதங்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் விற்கப்பட்டது. யார் மிக வறியவர் என்பதை ஊர் மக்களே கூடி முடிவு செய்தனர்.

இதன் உடல்நலப் பயன் வெளிப்படை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி, 100 கிராம் சோளத்தில் சுமார் 4 மில்லிகிராம் இரும்புச் சத்தும் 10 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. தீட்டிய அரிசியிலோ இரும்புச் சத்து 1 மில்லிகிராமுக்கும் குறைவு. நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. இரத்தசோகை மிகுந்த கிராமப்புறப் பெண்களுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. சோளத்தட்டை கால்நடைகளுக்குத் தீவனமாயிற்று. நிலமற்றோருக்கு வேலையும் கிடைத்தது.

அரசு முதல் தந்தது. உழவர் நிலமும் உழைப்பும் தந்தனர். சங்கப் பெண்கள் கண்காணித்தனர். இம்மூன்றில் ஒன்று குறைந்திருப்பினும் களஞ்சியம் நிரம்பியிராது. 2019இல் இச்சங்கங்களுக்கு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது.

நபார்டு வங்கி 1992இல் தொடங்கிய சுயஉதவிக் குழு வங்கி இணைப்புத் திட்டத்தின் வழியே வங்கிகள் இன்று குழுக்களுக்குக் கடன் வழங்கி வருகின்றன. குழு உறுப்பினர்களான நம் வாடிக்கையாளர்கள், சிறுதானியச் சாகுபடி, சேமிப்பு, அரைவை ஆகியவற்றுக்கும் இக்கடனைப் பயன்படுத்துவது குறித்துத் தங்கள் கிளை மேலாளரை அணுகி ஆலோசிக்கலாம். வருவாயோடு, வீட்டிலுள்ளோரின் உணவும் உடல்நலமும் அதனால் மேம்படும்.