கேக் மேல இருக்கும் 'செர்ரி'யை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கலாமா?

பேக்கரி பன்னிலும் கேக்கிலும் சிவப்பா, பளபளன்னு ஒரு 'செர்ரி' இருக்குமே, அது பல நேரம் செர்ரியே கிடையாது. களாக்காய்! விதையை எடுத்துவிட்டு, சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்தது. இந்தியில் கரோண்டா, மராத்தியில் கர்வந்த். கோடையில் மகாராஷ்டிராவின் மலைச்சாலை ஓரங்களில் இலையைக் கூம்பாகச் சுருட்டி விற்கிறார்களே கறுப்புப் பழம், அதுவும் இதுதான்.

களா இந்தியாவின் சொந்தச் செடி. வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும். மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ, நல்ல வாசனை. கல்லும் சரளையுமான மண்ணிலும் வளரும். ஆபீஸ் டென்ஷனில் தண்ணீர் ஊற்ற மறந்துபோகிறவர்களுக்கு ஏற்ற செடி என்றே சொல்லலாம். ஆனால் வேர் பிடிக்கும் வரை, முதல் ஒன்றிரண்டு வருஷம், கவனிப்பு வேண்டும். வெயில் அவசியம். வறட்சியைத் தாங்கும் இந்தச் செடி, வேரில் தண்ணீர் தேங்கினால் தாங்காது.

விதை போடுவதென்றால் பழத்திலிருந்து எடுத்ததும் கழுவி உடனே விதைக்க வேண்டும். காயவைத்து எடுத்துவைத்தால் முளைப்பு குறைந்துவிடும். காய்க்க எப்படியும் இரண்டு, மூன்று வருஷம் ஆகும். வெட்டிய குச்சி சுலபத்தில் வேர் விடாது. அவசரமென்றால் நர்சரியில் பதியன் கன்று கேளுங்கள். 'பந்த் மனோகர்', 'கொங்கண் போல்ட்' போன்ற ரகங்கள் இருக்கின்றன. மழைக்காலத் தொடக்கத்தில் நடுவது நல்லது. வேலிக்கென்றால் 2 முதல் 3 அடி இடைவெளி போதும்.

பலரும் சறுக்கும் இடம் கத்தரிப்பு. களா கிளை நுனியில்தான் பூக்கும். வேலி அழகாக இருக்கணும்னு அடிக்கடி ட்ரிம் பண்ணினால், பூவையே வெட்டி எறிகிறோம் என்று அர்த்தம். காய் பறித்து முடித்த பிறகு வெட்டுங்கள்.

இன்னொன்று, முள். ஒன்றரை அங்குலம்கூட நீளும், நன்றாகவே குத்தும். பெரிய தொட்டியில் வளர்க்கலாம்தான், ஆனால் குழந்தைகள் ஓடியாடும் குறுகிய பால்கனிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். களா, அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் அடையாளம் தெரியாத வேலிச் செடியில் பழத்தைப் பறித்து ருசி பார்க்க வேண்டாம்.

காயை நறுக்கினால் பிசுபிசுன்னு பால் வரும். கத்தியிலும் கையிலும் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டால் சுலபம். பச்சைக்காய் ஊறுகாய்க்கு. ஜாமுக்கு, முழுதாகக் கனியாத பழமே சரி. பெக்டின் அதிகம் என்பதால் தானாகவே கெட்டியாகும்.