உங்களுக்குத் தெரியுமா? இலங்கையில் காட்சி, லண்டனில் ஓசை

1934இல் பசில் றைற் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' படத்தின் காட்சிகள் இலங்கையிலிருந்து சத்தமின்றியே கப்பலேறின. ஓசை முழுவதும் லண்டனில் கோக்கப்பட்டது!

• ஒலி மேற்பார்வை: அல்பேர்ட்டோ கவல்கான்ரி. 1920களில் பாரிசின் பரிசோதனை மௌனப்படங்களில் தேர்ந்த கை.

• திரையில் வெற்றுடம்போடு உழைப்பவர்கள். காதில் சந்தை விலையும் கப்பல் செய்தியும். அந்த உரசலே படத்தின் தாளம்.

• விவரணக் குரல் கொழும்பின் லயனல் வென்ற். பேசியது 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூல் வரிகளை. நொக்ஸ் கண்டி அரசில் 19 ஆண்டுகள் சிறையிருந்து, மன்னார்க் கரையிலுள்ள அரிப்பு என்ற ஊருக்குத் தப்பி வந்தவர்.

• 1935 பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு இந்தப் படத்துக்கே.