உடலின் அழற்சியும் சிசுவின் கண்ணும்

தாயின் வயிற்றில் 40 வாரம் வளரவேண்டிய சிசு சிலவேளை 28 வாரத்திலேயே பிறந்துவிடுகின்றது. உலகைக் காண வந்த அச்சிசுவின் கண் அதற்கு இன்னும் ஆயத்தமாகவில்லை. கண்ணின் உட்புறத்தே ஒளியை உணரும் பகுதியே விழித்திரை. அதற்கு ஊட்டமளிக்கும் இரத்தக் குழாய்கள், கருவின் 16ஆம் வாரமளவில் பார்வை நரம்பின் அடியிலிருந்து புறப்பட்டு ஓரங்களை நோக்கிப் படர்கின்றன. மூக்குப் பக்கத்து ஓரத்தை 36ஆம் வாரமளவிலும், காதுப் பக்கத்து ஓரத்தை ஏறக்குறைய 40ஆம் வாரத்திலுமே அவை சென்றடையும். இப்பயணம் இடைவழியில் தடைப்பட்டால் நேர்வது யாது? இதனை அறிய வைத்திய உலகம் பெருவிலை கொடுத்தது.

1942இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் தியோடர் டெரி என்னும் கண் வைத்தியர், குறைமாதத்திற் பிறந்த குழந்தைகளின் கண்வில்லைக்குப் பின்னால் வெண்ணிற நாரிழையம் படர்ந்திருப்பதை எடுத்துரைத்தார். அடுத்த பத்தாண்டளவில் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் இந்நோயாற் பார்வை இழந்தனர். உயிர் காக்கவெனத் தாராளமாக வழங்கப்பட்ட ஒட்சிசனே காரணமாகலாம் என்று 1951இல் மெல்போர்ண் நகர வைத்தியர் கேற் கம்பெல் அம்மையார் சுட்டினார். இலண்டனில் நோர்மன் அஷ்டன் பூனைக்குட்டிகளிற் செய்த ஆய்வும், அமெரிக்க வைத்தியசாலைகள் கூடி நடாத்திய ஆய்வும் அதனை உறுதிப்படுத்தின. ஒட்சிசன் குறைக்கப்பட்டது, பார்வையிழப்பும் குறைந்தது. ஆனால், மாண்ட சிசுக்களின் தொகை ஏறியது. ஒரு பிள்ளையின் பார்வையைக் காக்கும் முயற்சியில் ஏறக்குறைய 16 பிள்ளைகள் மாண்டிருக்கலாம் என 1973இல் பிரித்தானிய ஆய்வொன்று கணித்தது.

நோய் இரு படிகளில் வளர்கின்றது. முதலில் குழாய்களின் வளர்ச்சி நின்றுவிடுகின்றது. பின்னர், ஊட்டம் எட்டாத விழித்திரை குழாய்களை வளரத் தூண்டும் இரசாயனப் பொருளை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கின்றது. கடைசி வயலுக்கு நீர் எட்டாதபோது கமக்காரர் கண்ட இடமெல்லாம் வாய்க்காலை வெட்டினால் நீர் பாயும், பயிரும் அழியும். அவ்வாறே வலுவற்ற புதுக்குழாய்கள் தாறுமாறாக முளைக்கின்றன, இரத்தம் கசிகின்றது, தழும்பு உண்டாகி விழித்திரையை இழுத்துப் பெயர்க்கின்றது.

ஆயினும், ஒட்சிசன் ஒன்றே காரணமாயின், அதனை அளவோடு பெற்ற சிசுக்களுக்கும் இந்நோய் வருவதேன்? அண்மைக்கால ஆய்வுகள் வேறொரு காரணத்தையும் காட்டுகின்றன. இரத்தத்தில் கிருமி தொற்றிய சிசுக்களிடத்தும், குடல் அழற்சியுற்ற சிசுக்களிடத்தும் கடுமையான நோய் கூடுதலாகக் காணப்படுகின்றது. கிருமியை எதிர்க்க உடல் எழுப்பும் போரே அழற்சி. அப்போரின் இரசாயனத் தூதுகள் இரத்தத்தோடு உடலெங்குஞ் சென்று விழித்திரையையும் அடைகின்றன. அங்கு வளருங் குழாய்களுக்கு வழிகாட்டுங் காவற்கலங்கள் கிளர்ச்சியுற்றுத் தம் பணி பிறழ்கின்றன. ஈரலிற் சுரந்து குழாய்களின் வளர்ச்சிக்குத் துணைபுரியும் பொருளும் குறைகின்றது. மிகையான ஒட்சிசன் இன்றியே, அழற்சி ஒன்றினாலேயே இக்குழாய்களின் வளர்ச்சி குழம்புவதைப் பிராணிகளிற் செய்த பரிசோதனைகள் காட்டியுள்ளன. கிருமி தொற்றிய சிசுக்கள் அனைவருக்கும் இந்நோய் வருமென்பதன்று. குறைமாதமும் ஒட்சிசனும் விளைக்கும் ஆபத்தை அழற்சி மிகுவிக்கின்றது என்பதே கருத்து.

ஆதலின் கண்ணைக் காக்கும் பணி கண் வைத்தியருக்கு முன்பே தொடங்குகின்றது. சிசுவைத் தொடுமுன் கைகழுவுதல், இயன்றவரை தாய்ப்பால் ஊட்டுதல், ஒட்சிசனை ஓயாது அளந்து வழங்குதல் என்பன எளியவையாயினும் இன்றியமையாதவை. 1,500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த சிசுக்களின் கண்களைப் பிறந்து சில வாரங்களுள் பரிசோதிப்பது பல நாடுகளில் வழக்கம். உரிய வேளையிற் கண்டால் லேசர் ஒளியாலோ, கண்ணுட் செலுத்தும் மருந்தாலோ பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். காலந் தாழ்த்தி விழித்திரை பெயர்ந்தபின் மீட்டல் அரிது. சிசு நலமாக வீடு திரும்பிவிட்டது என்றெண்ணிப் பெற்றோர் கண் பரிசோதனைக்குக் குறித்த நாளைத் தவறவிடலாகாது. அந்த ஒரு நாளிலேயே பிள்ளையின் வாழ்நாட் பார்வை தங்கியிருத்தல் கூடும்.