‘பாப்பம்’ என்றால் எப்போது?

விருந்தினர் புறப்படுகிறார்கள். வாசலில் நின்று, “சரி, போட்டு வாறம்” என்கிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளை மட்டும் யன்னலோரம் நிற்கிறது. “வா, சாப்பிட” என்று அம்மா கூப்பிட்டால், “அவை வரட்டும்” என்கிறது. ‘போட்டு வாறம்’ என்றால் ‘போகிறோம்’ என்பதுதான் கருத்து. மற்றப் பிள்ளைகளுக்கு இது சொல்லிக் கொடுக்காமலே விளங்கிவிடும். இந்தப் பிள்ளைக்கு விளங்குவதில்லை.

இப்படியான பிள்ளைகள் எம்மவர் வீடுகளிலும் இருக்கிறார்கள். ‘பிடிவாதம்’ என்றும் ‘வாய்க்காரன்’ என்றும் பெயர் சூட்டிவிட்டு நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். சிலருக்கு இருப்பது ஓட்டிசம். இது தொற்றும் நோயல்ல. பெற்றோர் வளர்ப்பில் விட்ட பிழையாலும் வருவதில்லை. உலகை வேறுவிதமாக உள்வாங்கும் இயல்புடன் பிறந்தவர்கள் இவர்கள். சிலர் வாய் திறந்து பேசுவதே இல்லை. சிலர் தமிழும் டொச்சும் சரளமாகக் கதைப்பார்கள், படிப்பிலும் கெட்டிக்காரர்கள். ஆனால் சொல்லாமல் விட்டதை ஊகித்துக்கொள்வது அவர்களிற் பலருக்குக் கடினம்.

1943ஆம் ஆண்டில் 11 பிள்ளைகளை அவதானித்து இதுபற்றி விரிவாக எழுதியவர் லியோ கன்னர் என்ற வைத்தியர். பேர்லினில் பணியாற்றிவிட்டு 1924இல் அமெரிக்காவுக்குப் போய், புதிய மொழியில் தொழிலைத் தொடர்ந்தவர் அவர். அவர் எழுதிய சிறுவர்களில் ஒருவனின் தந்தை, வீட்டில் சுவரின்மேல் இருக்கும் படங்களைப் பற்றிப் பேசினார். சிறுவன் உடனே திருத்தினான்: படங்கள் சுவருக்குப் பக்கத்தில் இருக்கின்றன என்று. அவனுக்கு ‘மேல்’ என்றால் உச்சி. யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் என்ன பிழை?

இந்தத் தவிப்பு எமக்குப் புதிதல்ல. இந்நாட்டுக்கு வந்த புதிதில் ‘ஹல்ப் அக்ற்’ என்று சொன்னதைக் கேட்டு எட்டரைக்குப் போய் நின்றவர்கள் எம்மில் உண்டு. டொச் மொழியில் அது ஏழரை மணி. அலுவலகத்தில் இருந்து கடிதம் வரும்: “தேவையான ஆவணங்களை சைற்னா அனுப்பவும்.” எந்த ஆவணங்கள்? ‘சைற்னா’ என்றால் விரைவில் என்று அகராதி சொல்லும். எத்தனையாம் திகதிக்குள் என்று சொல்லாது. கடிதத்தைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டித்தான் தப்பினோம். அப்போது எங்கள் அறிவு குறைந்து போகவில்லை. எழுதியவர் பாதியை எழுதாமல் விட்டிருந்தார்.

எமக்கு இந்தத் தவிப்பு சில வருடங்களில் குறைந்துவிடும். ஓட்டிசம் உள்ளவருக்கோ தாய்மொழியிலும் இதே நிலைதான், அதுவும் ஆயுள் முழுவதும்.

பாடசாலையில் நடப்பதைப் பாருங்கள். “கொஞ்சம் வடிவாய் எழுது” என்கிறார் ஆசிரியர். “கொஞ்சம் என்றால் எவ்வளவு?” என்று பிள்ளை கேட்கிறது. வகுப்பு சிரிக்கிறது. இரண்டாம் முறை கேட்டால் ‘ஃபிரெக்’, அதாவது துடுக்குத்தனம் என்று பெயர். மூன்றாம் முறை வீட்டுக்குக் கடிதம் வருகிறது. அப்பாவுக்கு வெட்கம். “ஏன் ரீச்சரோடை எதிர்த்துக் கதைக்கிறாய்?” என்று அவரும் ஏசுகிறார். பிள்ளை அன்று ஒரேயொரு பாடத்தைத்தான் படிக்கிறது: இனிக் கேட்கக்கூடாது.

ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. கேட்பதை நிறுத்திய பிள்ளை எல்லாவற்றுக்கும் “ம்” என்று தலையாட்டப் பழகிவிடும். வைத்தியர் சொல்வதற்கும் “ம்”, வளர்ந்தபின் கையெழுத்து வைக்கச் சொல்லும் ஒப்பந்தத்துக்கும் “ம்”. விளங்காமல் தலையாட்டுபவரை யாரும் எங்கும் கொண்டுபோய் விடலாம்.

விளங்காமைக்குக் காரணம் கேட்பவர் மட்டும்தானா? ஓட்டிசம் உள்ளவரான டேமியன் மில்ற்றன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 2012இல் இதை மறுத்து எழுதினார். இரு வேறு இயல்புடையவர்கள் சந்திக்கும்போது விளங்காமை இரு பக்கமும் உண்டு, பழியை ஒருவர்மேல் மட்டும் போடலாகாது என்பது அவர் வாதம். பின்னர் ஒரு கதையை ஒருவர் மற்றவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று சொல்லவைத்துச் சோதித்தார்கள். 2020இல் வெளியான ஆய்விலும், 2025இல் வந்த பெரிய ஆய்விலும், ஓட்டிசம் உள்ளவர்கள் தமக்குள் மற்றவர்களுக்குக் குறையாமல் செய்தியைக் கடத்தினார்கள்.

ஆகவே விளக்கம் கேட்பது குற்றமல்ல. யேர்மனியில் அது உரிமையும்கூட. சமூக உதவிகள் தொடர்பான தன் உரிமைகள், கடமைகள் பற்றி ஆலோசனை பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று சமூகச் சட்டக் கோவையின் முதற் புத்தகம், 14ஆம் பிரிவு சொல்கிறது. 2018 முதல், மனவளர்ச்சி அல்லது உளநலம் சார்ந்த மாற்றுத்திறன் உள்ளவர்கள் கேட்டால், கூட்டாட்சி அரசின் அலுவலகங்கள் தமது முடிவுகளை எளிமையாக விளக்கவேண்டும். அதற்கென்றே ‘லைக்ற்ற ஷ்ப்ராக்க’ எனப்படும் இலகு மொழி இருக்கிறது. குறுகிய வசனங்கள், ஒரு வசனத்தில் ஒரு செய்தி என்பது அதன் முறை.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஓட்டிசம் உள்ள பலருக்கு எளிய சொல் போதாது, முழுச் சொல் வேண்டும். “பத்திரத்தைக் கொண்டு வா” என்பது எளிமைதான். “பிள்ளையின் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியை, செவ்வாய் காலை 9 மணிக்கு, இரண்டாம் மாடிக்குக் கொண்டு வா” என்பதுதான் முழுமை.

பிள்ளையில் சந்தேகம் இருந்தால் முதலில் பிள்ளை வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் சமூகப் பிள்ளைநல நிலையத்துக்கு, அதாவது எஸ்.பி.செற்றுக்கு அனுப்பலாம். இவ்வகை நிலையம் முதன்முதலில் 1968இல் முன்சனில் தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் 150இற்கு மேல் இருக்கின்றன. பெற்றோர்களே கூடி 1970இல் தொடங்கிய ‘ஓட்டிஸ்முஸ் டொய்ச்லாண்ட்’ சங்கத்தின் தலைமையகம் ஹம்பேர்க்கில் உள்ளது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் ‘ஈ.யூ.ரி.பி’ என்ற ஆலோசனை நிலையங்களுக்குப் போகலாம். 2018 முதல் இவை எல்லா மாநிலங்களிலும் இயங்குகின்றன. காசு வாங்குவதில்லை. பாடசாலையில் ‘நாக்ரைல்சவுஸ்கிளைக்’ என்ற சலுகையைக் கேட்கலாம். கட்டளைகளை எழுத்தில் தருவதும் பரீட்சையில் மேலதிக நேரம் தருவதும் அதற்குள் அடங்கும். இந்தச் சந்திப்புகளில் மூத்த பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். வளர்ந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

“வீட்டில் தமிழ் கதைப்பதால்தான் இப்படி” என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஓட்டிசம் வருவதுமில்லை, கூடுவதுமில்லை.

வீட்டில் நாம் செய்யக்கூடியது இன்னும் சுலபம். “பாப்பம்” என்று எத்தனை தரம் சொல்கிறோம்! பாதி நேரம் அதன் கருத்து ‘இல்லை’ என்பதுதான். இல்லை என்றால் இல்லை என்றே சொல்வோம். “பிறகு” என்பதை “சாப்பிட்ட பிறகு” என்போம். “அறையை ஒழுங்காக்கு” என்பதை “புத்தகங்களை மேசையில் அடுக்கு, உடுப்பைக் கூடையில் போடு” என்று பிரித்துச் சொல்வோம், முடிந்தால் எழுதியும் வைப்போம். “விளங்கினதோ?” என்று கேட்டால் “ம்” என்ற பதில்தான் வரும். “இப்ப என்ன செய்யப் போறாய்?” என்று கேட்போம்.

திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளை எங்களை அவமதிக்கவில்லை. நாம் சொல்வது விளங்கவேண்டும் என்ற விருப்பத்தோடு கேட்கிறது. விருந்தினர் போனபின் யன்னலோரம் நிற்கும் பிள்ளையிடம் ஒருமுறை சொல்லுங்கள்: “அவை இண்டைக்குத் திரும்பி வரமாட்டினம். அது எங்கட ஆக்கள் விடைபெறுகிற முறை.” பிள்ளை வந்து சாப்பிடும்.