பழைய ஒஸ்ரின் காரின் சிக்னல் ஏன் மின்னுவதில்லை?

பொழுதுபடும் நேரம். பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் ஒரு ஒஸ்ரின் ஏ40 போய்க்கொண்டிருக்கிறது. எஞ்சினில் குறையில்லை, பிறேக் பிடிக்கிறது, ரயரும் புதிது. ஆனால் பின் லைற் இரண்டில் ஒன்று எரியவில்லை. மற்றது அணையப்போகும் தணல் போல மங்கிக் கிடக்கிறது. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு, முன்னால் போவது காரா, இன்னொரு மோட்டார் சைக்கிளா என்பது கிட்ட வரும்வரை தெரியாது. சாரதி ஒழுங்கைக்குள் திரும்ப நினைத்து ஜன்னலால் கையை நீட்டுகிறார். இருட்டில் அந்தக் கையை யார் காண்பது?

குடாநாட்டில் இன்றும் ஓடும் ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் அடிக்கடி வருகின்ற, அடிக்கடி கவனிக்காமல் விடப்படுகின்ற பழுது இதுதான். எஞ்சின் நின்றால் கார் ஓடாது, அதனால் உடனே பார்ப்போம். சிக்னல் நின்றாலும் கார் ஓடும். ஆபத்தே அங்குதான் இருக்கிறது.

வயரிங்குக்குள் ஒரு வரலாறு

ஒஸ்ரின் ஏ40 சோமர்செட் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட கார். மொறிஸ் மைனர் 1948இல் வந்தது. இவை எழுபது வருடங்கள் கடந்தும் யாழ்ப்பாணத்தில் நிலைத்ததற்குப் போரும் ஒரு காரணம். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்டன. மின்சாரமும் இல்லை. நவீன எஞ்சின்கள் நின்றுபோன காலத்தில், கார்புரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடக்கூடிய இந்தப் பழைய எஞ்சின்கள்தான் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றன. அதே 1990களில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்கு உதிரிப்பாகங்கள் செய்து பிரிட்டனுக்கு ஏற்றுமதி செய்தார்கள். வடக்கில் ஒரு பல்ப் கிடைப்பதே பெரும்பாடு.

ஆகவே இங்கு கிடைத்ததைப் போட்டுச் சமாளித்தார்கள். 21 வாற் பல்ப் இல்லாத இடத்தில் 5 வாற் பல்ப், கார் வயர் இல்லாத இடத்தில் வீட்டு வயர், சொக்கற் இல்லாத இடத்தில் முறுக்கிச் சுற்றிய ரேப். அன்றைக்கு அது கெட்டித்தனம். ஆனால் அந்த முறுக்குகள் டாஷ்போர்டுக்குப் பின்னால் இன்னமும் இருந்தால், கடல் சூழ்ந்த குடாநாட்டின் உப்புக்காற்று அவற்றைப் பச்சைக் களிம்பாக மாற்றியிருக்கும். இன்றைய சிக்னல் பழுதுகளில் பெரும்பங்கு பல்ப்பில் இல்லை, இணைப்புகளில்தான் இருக்கிறது.

முதலில் பார்க்கவேண்டியது பற்றரி

இந்தக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் பொடியோடு பூட்டப்பட்டிருக்கும். இன்றைய கார்களில் எதிர்முனை. இது தெரியாமல் வேலை தொடங்கினால் புதிதாக வாங்கிப்போடும் மின்னணுச் சாமான் எதுவும் தப்பாது. எந்த முனையிலிருந்து தடித்த வயர் பொடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்து உறுதிப்படுத்துங்கள். வயரில் கைவைக்க முன் அந்தப் பொடி முனையைத்தான் முதலில் கழற்றவேண்டும்.

நல்ல பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற் அளவில் நிற்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது லைற் மங்குவதும் சிக்னல் சோம்பலாக மின்னுவதும் பழைய டைனமோவின் இயல்பு. அக்சிலேற்றரை மிதித்ததும் வெளிச்சம் ஏறினால் பயமில்லை. ஏறாவிட்டால் டைனமோ பெல்ற்றையும் சார்ஜ் பெட்டியையும் பார்க்கவேண்டும்.

பழுது எங்கே என்று காரே சொல்லும்

சுவிச்சைப் போட்டுவிட்டுக் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள்.

இரண்டு பக்கமும் மின்னவில்லை என்றால் இரு பக்கத்துக்கும் பொதுவான இடத்தில் பழுது. அது பியூஸ், பிளாஷர், சுவிச் ஆகிய மூன்றில் ஒன்று. பிறேக் லைற்றும் வைப்பரும் சேர்ந்து நின்றிருந்தால் பியூஸ்தான். பியூஸ் எரியாமலும் இருக்கலாம். அதைப் பிடிக்கும் கவ்வியில் களிம்பு ஏறினாலே போதும். கழற்றி, எமறி பேப்பரால் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். வெள்ளித்தாள் சுற்றிப் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பியூஸ் உருகாவிட்டால் வயர் உருகும்.

ஒரு பக்கம் மட்டும் மின்னவில்லை என்றால் அந்தப் பக்கத்துப் பல்ப், அதன் கூடு, அல்லது அங்கு போகும் வயர். லூக்காஸ் நிறக்குறியீட்டில் பச்சையில் சிவப்புக் கோடு இடப்பக்கம், பச்சையில் வெள்ளைக் கோடு வலப்பக்கம். வெறும் சிவப்பு பார்க் லைற்றுக்கும் பின் லைற்றுக்கும், கறுப்பு பொடிக்கும் உரியவை. வயர் மாற்றப்படாத காரில் இந்த நிறங்களைப் பிடித்தே போகலாம்.

சிக்னல் போட்டால் பின் லைற்றும் சேர்ந்து துடிக்கிறதா? பிறேக் மிதித்தால் சிக்னல் நிற்கிறதா? இது பொடி இணைப்புப் பழுதின் கையெழுத்து. பல்ப்புக்கு வந்த மின்சாரம் பொடிக்குத் திரும்ப வழியில்லாமல், பக்கத்து இழைக்குள்ளால் வேறு வழி தேடிப் போகிறது. சோதிப்பது சுகம். ஒரு நீள வயரின் ஒரு நுனியைப் பற்றரியின் பொடி முனையிலும், மறு நுனியைப் பல்ப் கூட்டின் உலோகத்திலும் பிடியுங்கள். லைற் பளிச்சென்று வந்தால் பழுது பிடிபட்டுவிட்டது. பொதுவாகப் புதிதாகப் பெயின்ற் அடித்த கார்களில்தான் இது அதிகம். பெயின்ற் ஸ்குறூவுக்கும் பொடிக்கும் நடுவில் நின்று மின்சாரத்தை மறிக்கிறது. அந்த இடத்தைச் சுரண்டி, இறுக்கிப் பூட்டி, மேலே வாஸ்லின் பூசினால் உப்புக்காற்று அணுகாது.

மின்னாமல் எரிந்துகொண்டே நின்றால்

அக்காலப் பிளாஷர் ஒரு சின்னத் தகரக் குப்பி. உள்ளே ஒரு மெல்லிய கம்பி. மின்சாரம் ஓடச் சூடேறி நீளும், தொடுமுனை சேரும், லைற் எரியும். கம்பி ஆறிச் சுருங்கும், தொடுமுனை விலகும், லைற் அணையும். இந்தச் சூட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. முன்னுக்கு 21 வாற், பின்னுக்கு 21 வாற், மொத்தம் 42 வாற். 12 வோல்ற்றில் அது மூன்றரை அம்பியர். ஒரு பல்ப் எரிந்துபோனாலோ, 21க்குப் பதில் 5 வாற் போட்டாலோ கணக்குப் பிழைத்து, மின்னும் வேகம் மாறும், அல்லது மின்னாமலே நிற்கும். ஆகவே பிளாஷரை மாற்ற முன் நான்கு பல்ப்பிலும் எழுதியிருக்கும் வாற் அளவை வாசியுங்கள்.

பிளாஷரையே சோதிக்க வேண்டுமானால், அதன் பி, எல் என்ற இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, சாவியைத் திறந்து, சுவிச்சை ஒரு பக்கம் போடுங்கள். லைற் நிலையாக எரிந்தால் வயரும் சுவிச்சும் சரி, பிளாஷர்தான் போய்விட்டது.

இப்போது பலர் எல்இடி பல்ப் போடுகிறார்கள். அது எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் பழைய பிளாஷர் சூடேறாது. மின்னணுப் பிளாஷர் வேண்டும். பிளாஷரும் பல்ப்பும் நேர்முனை பொடியில் உள்ள காருக்கு ஏற்றவையா என்று கேட்டு வாங்கவேண்டும்.

1961க்கு முந்திய மொறிஸ் மைனரிலும் ஏ40இலும் மின்னும் சிக்னலே இல்லை. கதவுத் தூணுக்குள்ளிருந்து வெளியே நிமிரும் சிறு கைதான். அது இறுகிப்போனால் அச்சில் ஒரு துளி மெல்லிய எண்ணெய் போதும். கை மடியும் இடத்தில் வயர் அறுவதும் வழமை. அழகுக்காக அதை வைத்திருங்கள். ஆனால் இன்றைய வீதியில் அதை மட்டும் நம்பக்கூடாது. முன்னும் பின்னும் மின்னும் லைற் பூட்டுவது நல்லது.

பார்க் லைற்றும் பின் லைற்றும்

இவை சாவியைத் திறக்காமலே எரியும். சிக்னல் வேலைசெய்வதால் இவையும் சரி என்று நினைக்கக்கூடாது, வழி வேறு. ஒன்றுமே எரியாவிட்டால் லைற் சுவிச். முன்னுக்கு மட்டும் என்றால் கிறிலுக்குப் பின்னாலுள்ள இணைப்புகள். பின்னுக்கு மட்டும் என்றால் டிக்கிக்குப் போகும் வயர்.

எரிந்தும் மங்கல் என்றால் மீற்றரால் பற்றரியிலும் பல்ப் கூட்டிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடுவில் ஓர் இணைப்பு மின்சாரத்தைத் தின்கிறது. வோல்ற் பத்து வீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ முப்பது வீதம் குறைந்துவிடும்.

இன்னொன்று முக்கியம். இக்கார்கள் பலவற்றில் பார்க் லைற் வழிக்குப் பியூஸே கிடையாது. தேய்ந்த வயர் பொடியில் முட்டினால் நேரே தீதான். அந்த வழியில் ஒரு பியூஸ் சேர்ப்பது சிறிய வேலை. வயரிங் நொறுங்கும் நிலையிலிருந்தால் ஒட்டுப்போடாமல் முழுவதையும் மாற்றுவதே மேல்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் வளவுகளில் நின்ற பழைய கார்களுக்கும் மீண்டும் மதிப்பு வந்தது. பெயின்றுக்கும் சீற் துணிக்கும் செலவழிக்க முன், இருட்டியபின் ஒருநாள் காரை முற்றத்தில் நிறுத்தி எல்லா லைற்றையும் போடுங்கள். வீட்டில் ஒருவரை இருபது அடி பின்னால் நிற்கச் சொல்லி, என்ன தெரிகிறது என்று கேளுங்கள். பின்னால் வருபவர் காண்பதும் அதைத்தான்.